வேணிக்குக் கொடுத்த மூச்சு

ஜூன் 21, சனி

யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். எழுதக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். போன வருஷத்துக் கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறைய மிச்சம் இருக்கிறது. டார்ச் போர்வைக்குள் இருக்கிறது. வெளிச்சம் கசிந்தால் அம்மா எழுந்துவிடுவாள்.

எனக்கு ஸ்கூல் செருப்பு வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம். செருப்பு வாங்கினோம், அது பொய் இல்லை. ஆனால் முதலில் போனது ஆஸ்பத்திரிக்கு. போன வாரமே அப்பா தனியாக வந்து ஒரு டப்பாவில் சளி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

காசநோய் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடுமாம். இருமினால், தும்மினால், மூச்சுக் காற்றில் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவுமாம். வீட்டில் எல்லோரையும் கூட்டி வாருங்கள் என்றார். என்ன வேலை என்று கேட்டார். அப்பா "கூலிங்க" என்றார். யானை மாவுத்தர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மூச்சுல போகும்னா யானைக்கும் போகுமா கண்ணு?"

எனக்குத் தெரியாது. போகாதுப்பா என்றேன்.

வேணி எங்கள் மந்திரிப்பாறை முகாமின் யானை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். எப்போது சந்தித்தாலும் அவள் துதிக்கை நுனியை அப்பாவின் வாயருகே கொண்டுவருவாள். அப்பா அதற்குள் மெதுவாக ஊதுவார். எங்கள் முகாமில் எல்லா மாவுத்தர்களும் ஊதுவார்கள். மூச்சைக் கொடுத்தால்தான் யானை ஆளை மறக்காது என்பார்கள்.

இன்று சாயங்காலம் திரும்பி வந்ததும் வேணி துதிக்கையை நீட்டினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். துதிக்கை அப்படியே காற்றில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அதை அவர் சட்டைப் பையில் வைத்துத் தடவினாள். ஏதோ மறந்துவிட்டார், தேடி எடுத்துத் தருகிறேன் என்பது போல.

அப்புறம்தான் அப்பா என் கையை எடுத்து அவள் காலில் வைத்தார். "யாருக்கும் சொல்லிப்போடாத சாமி. தெரிஞ்சா என்னய இவகிட்ட இருந்து பிரிச்சுருவாங்க. இவ மேல சத்தியம்."

வேணியின் கால் வெதுவெதுப்பாக இருந்தது. நான் சத்தியம் செய்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா எனக்கு வேறு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறாள். பழையதில் எறும்பு ஏறுகிறதாம்.

ஜூன் 27, வெள்ளி

மழை. பஸ் வரவில்லை, ஸ்கூலுக்குப் போகவில்லை. அம்மாவோடு தீனிக் கொட்டகைக்குப் போனேன். அங்கேதான் அம்மாவுக்கு வேலை. ராகி மாவும் அரிசியும் கொள்ளும் பெரிய அண்டாக்களில் வேகும். வெல்லமும் உப்பும் போட்டுப் பிசைந்து, தலையணை மாதிரி உருண்டைகள் பிடித்து வைப்பார்கள். யானைகள் வரிசையாக வந்து நிற்கும். மாவுத்தர்கள் வாய்க்குள் ஊட்டுவார்கள்.

அப்பா மட்டும் ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கிள்ளு கிள்ளித் தன் வாயில் போட்டுவிட்டுத்தான் வேணிக்குக் கொடுப்பார். அவர் தின்னாமல் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள். அப்பாவுக்கு உதவியாக இருக்கும் நாகன் மாமாவுக்கு இதில் ஒரே கேலி. வேணி ஒல்லியாகிப் போவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது, பாதித் தீனி உங்கப்பன் வயிற்றுக்குப் போகிறது என்றார். இன்றைக்கு அப்பா கிள்ளித் தின்றது கொஞ்சமே கொஞ்சம். அதையும் வேறு பக்கம் திரும்பித் தின்றார்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறதாம். அதனால் தீனி நேரத்திலேயே, கொட்டகைப் பக்கம் போட்டுக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் போட்டால் அம்மா பார்த்துவிடுவாள். சரியான யோசனைதான்.

அம்மா என் பாயை ஜன்னலுக்குக் கீழே மாற்றிவிட்டாள். அப்பாவின் சோற்றில் தினமும் ஒரு முட்டை இருக்கிறது. கோழி நன்றாக முட்டை வைக்கிறது போல.

இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டாமல் முன்னால் தொங்கப் போட்டுக்கொள்கிறேன். கழுத்தில் ஒரு கொசுக்கடி வீங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

இன்று யானைகளுக்கு எடை பார்த்தார்கள். வேணி போன தடவையைவிட மிகவும் குறைந்துவிட்டாள். முதுகெலும்பு மேடாகத் தெரிகிறது. நெற்றிப் பொட்டுகளில் குழி. கால்நடை டாக்டர் கதிரவன் சார் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். பூச்சி மருந்து எழுதினார்.

பிறகு அப்பாவைப் பார்த்து, நீங்களும் வேணியும் பேசி வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறீர்களா சடையன் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தேக்கு மரத்துக்குப் பின்னால் போனார். அவர் திரும்பி வரும்வரை டாக்டர் சார் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் இருமல் குறையும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகும் போல.

ஜூலை 6, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனால் இதை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

காலையில் அம்மா அடுப்பில் இருந்தாள். நாகன் மாமா தழை வெட்டப் போயிருந்தார். நான் விறகுக் கட்டுக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக உடைத்து உருண்டைக்குள் சொருகினார். ஓரத்தில் ஒரு கிள்ளு தின்றுவிட்டு வேணிக்கு ஊட்டினார். வேணி மென்றாள். நிறுத்தினாள். நாக்கைப் புரட்டினாள். ஒரு மாத்திரை மட்டும் பொத்தென்று கல்மேடையில் விழுந்தது. செங்கல் நிறம். அப்பா அதை எடுத்துத் துடைத்து வாழைப்பழத்துக்குள் வைத்து மறுபடியும் ஊட்டினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்பா, அது உங்க மாத்திரை."

அவர் திடுக்கிடவில்லை. பிடிபட்டதில் ஒரு நிம்மதிகூட வந்த மாதிரி இருந்தது.

"அவ இளைச்சுப்போனதப் பாத்தியல்ல. வருசக்கணக்கா ஊதி ஊதிக் குடுத்தது நான்தான கண்ணு. குடுத்தவன் நானு. திருப்பி வாங்கறதும் நான்தான் வாங்கோணும்."

"நீங்க ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

"எனக்கென்ன. களி தின்னாத் தேறிக்குவேன். அவளுக்கு ஆஸ்பத்திரி போயி வாய் விட்டுச் சொல்ல முடியுமா?"

டாக்டர் சாரிடம் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் வேணியை ஆற்றுக்கு அக்கரையில் தனியாகச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள், புது ஆளை வைப்பார்கள், அவள் சாப்பிடாமலே செத்துப்போவாள் என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். வேணி காலில் வைத்த கை. சொல்லாமலே ஞாபகப்படுத்திவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

அறிவியல் வகுப்பில் ஜெசிந்தா டீச்சரிடம், யானைக்குக் காய்ச்சல் வந்தால் நாம் சாப்பிடும் மாத்திரை போதுமா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான். டீச்சர் சிரிக்கவில்லை. அவன் சொல்வது கிட்டத்தட்ட உண்மைதான், மருந்து உடம்பு எடைக்குத் தகுந்த மாதிரிதான் என்றார்.

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய், டி.பி. மாத்திரையை அரைகுறையாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சாப்பிடாமல் இருப்பதைவிட அது மோசம் என்றார். கொஞ்சம் கிருமி செத்து, மிச்சக் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமாம். அப்புறம் அதே மாத்திரையை எவ்வளவு கொடுத்தாலும் கேட்காதாம்.

அப்பா சாப்பிடாமல் இருக்கிறார். வேணி அரைகுறையாகச் சாப்பிடுகிறாள். இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

டீச்சர் என் நெற்றியில் கை வைத்து, சுடுகிறதே என்றார். வெயிலில் ஓடி வந்தேன் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. டீச்சர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

அப்பாவின் துண்டை ஆற்றில் துவைத்தேன். சிவப்புக் கறை முழுக்கப் போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அப்பா இருமும்போது பயமாக இருக்கிறது. இருமாதபோது அதைவிடப் பயமாக இருக்கிறது. அம்மாவும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் மூச்சு தூங்குகிறவர்களுடையது போல இல்லை.

எனக்கு விடிகாலையில் வேர்த்து ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. போர்வை கனமானது.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவால் காலையில் காட்டுக்குப் போக முடியவில்லை. ராத்திரி மேய விட்டிருந்த வேணியை நாகன் மாமா போய்க் கூட்டி வந்து கட்டினார். நான் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் போனேன்.

"வேணி, உன் மேல பண்ணின சத்தியத்த நான் உடைக்கப் போறேன். கோவிச்சுக்கிட்டா என்னய மட்டும் கோவிச்சுக்கோ. அப்பாவ ஒண்ணும் பண்ணிராத."

அவள் தழையைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். துதிக்கையை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். நான் ஊதவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு ஓடினேன்.

டாக்டர் கதிரவன் சார் தன் அறையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அந்த மாத்திரைய வேணிக்கா குடுத்தார்?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் இது போகும், இரண்டு பக்கமும் சேர்ந்து மருந்து சாப்பிட்டால்தான் முகாமை விட்டுப் போகும் என்றார். அப்பா வேலை போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் எழுந்தபோது, பின்னலைக் கொஞ்சம் ஒதுக்கு என்றார். கொசுக்கடி சார் என்றேன்.

"எந்த ஊர்க் கொசும்மா இது, நெல்லிக்காய் அளவுக்கு?"

நான் பின்னலை மறுபடியும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் ஜீப் வந்தது. அப்பாவை முகக்கவசம் போட்டு ஏற்றினார்கள். எல்லா மாவுத்தர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் கொட்டகை முன்னால் சளி கொடுக்க வரிசையில் நின்றார்கள். நாகன் மாமா என்னைப் பார்த்து, பெற்ற அப்பனையே காட்டிக் கொடுத்துவிட்டாயே என்றார். அடுத்த நிமிஷம் இருமி டப்பாவில் துப்பிவிட்டு, இது போதுமா என்று நர்ஸிடம் பயந்து பயந்து கேட்டார்.

வேணிக்கும் பரிசோதனை. துதிக்கைக்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி, துதிக்கையை மேலே தூக்கிப் பிடித்து, அப்புறம் கீழே விட்டு அந்தத் தண்ணீரைப் பையில் பிடிக்க வேண்டும். முதல் தடவை முழுத் தண்ணீரையும் டாக்டர் சார் மேல் பீய்ச்சிவிட்டாள். இரண்டாம் தடவை தூக்கவே மாட்டேன் என்றாள். ஜீப்பிலிருந்து அப்பா கவசத்துக்குள்ளிருந்தே, "தூக்குடி என் தங்கம்" என்று கத்தினார். உடனே தூக்கினாள். அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு ஜீப் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

ஜூலை 16, புதன்

டவுன் ஆஸ்பத்திரியில் என் கழுத்தில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்தார்கள். வலிக்கவில்லை. அழுதது வேறு காரணத்துக்காக. நடைபாதைக் கடைசியில் அப்பா படுத்திருக்கும் வார்டு. கதவு வரை போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஜூலை 24, வியாழன்

கொசுக்கடி இல்லை.

எனக்குச் சளியில் ஒன்றும் இல்லையாம். கழுத்துக் கட்டியில் மட்டும் இருக்கிறது. என் மூச்சில் யாருக்கும் போகாது. மாத்திரை மட்டும் அப்பாவுக்கு உள்ள அதே மாத்திரை, அதே செங்கல் நிறம். அம்மாவுக்கு நோய் இல்லை. நாகன் மாமாவுக்கும் இல்லை.

வேணியை அக்கரைக்கு மாற்றிவிட்டார்கள். புங்க மரத்தடியில் நீளச் சங்கிலி. முடிவு வரும்வரை அங்கேதான். சத்தியத்தை உடைத்ததால்தான் இப்படி ஆனதா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாளா அவரு மூச்சக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன். அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அது என் தப்பு." என் தலையைத் தன் மடியில் வைத்து, கட்டி மேல் கை படாமல் பின்னலைப் பிரித்தாள். "நீ பேசுன. நான் பேசல. அப்படின்னா சாமி யாரக் கேக்கும்?"

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை குமட்டுகிறது. அம்மா எதிரில் உட்கார்ந்து விழுங்கும்வரை பார்க்கிறாள். அப்பா வார்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம், இருமல் பாதியாகிவிட்டதாம். அம்மா வந்து சொன்னாள். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வேணிக்கும் இருக்கிறது. உறுதியாகிவிட்டது. பயப்படாதே, ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், தேற்றிவிடலாம் என்று டாக்டர் சார் சொன்னார். மற்ற யானைகளுக்கு இப்போதைக்கு இல்லை. இனி யாரும் துதிக்கைக்குள் ஊதக் கூடாது, யானைக்குக் கொடுப்பதில் கிள்ளித் தின்னக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

மருந்து உண்மையிலேயே வாளியில்தான் வந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா போனதிலிருந்து வேணி தழையும் பழமும்தான் தின்கிறாள். மருந்து உருண்டையையும் துப்புகிறாள். நாகன் மாமா ஊட்டினார், துப்பினாள். வெல்லத்தை இரட்டிப்பாக்கினார்கள், துப்பினாள். பலாப்பழத்துக்குள் வைத்தார்கள். பலாவைப் பிரித்துத் தின்றுவிட்டு மருந்தைத் தனியாக எடுத்துப் போட்டாள். அப்பாவின் குரல் கேட்டால் தின்பாள் என்று டாக்டர் சார் போனில் அப்பாவைப் பேச வைத்துக் காதருகே பிடித்தார். வேணி போனை முகர்ந்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஆற்றில் எறிந்துவிட்டாள். நாகன் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீருக்குள் இறங்கித் தேடுவது போல நின்றார்.

இப்படியே துப்பினால் மருந்து அரைகுறையாகிவிடும். டீச்சர் சொன்னது ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். சளியில் இப்போது கிருமி இல்லையாம். ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் எந்த யானைக்கும் பக்கத்தில் போகக் கூடாது, இக்கரையில்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். வீட்டுக்குள் வந்து, என் பாய் இருக்கும் இடத்தைப் பார்த்தார், அலமாரியில் என் மாத்திரை அட்டையைப் பார்த்தார். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் சட்டைப் பையில் இருக்கும் அட்டையைத் தொட்டுக்கொண்டார். எனக்கும் வந்தது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த நிறத்தை இப்போதுதான் பார்க்கிறார். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

காலைத் தீனிக்கு மருந்து உருண்டையை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். வேணி அப்பாவைப் பார்த்துவிட்டாள். சங்கிலியை இழுத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் வந்து நின்றாள். நாகன் மாமா ஊட்டினார். துப்பினாள். அப்பா இக்கரையில் எழுந்து நின்று, தின்னுடி, தின்னுடி என்று கெஞ்சினார். அவள் அவரையே பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு முன்னால் யாரும் தின்று காட்டவில்லை.

நான் வீட்டுக்கு ஓடி என் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். டாக்டர் சாரிடம் கேட்டேன். யோசித்தார். என் மூச்சில் பரவாது என்றாலும், வேணியின் மூச்சு என் மேல் படக் கூடாது என்று, காற்று எனக்குப் பின்னாலிருந்து வீசுகிறதா என்று பார்த்து, பத்தடி தள்ளி நிற்க வைத்தார். முழுங்குகிற நேரம் மட்டும் கவசத்தை இறக்கு என்றார்.

வேணிக்குத் தெரியும்படி மாத்திரையை உயர்த்திப் பிடித்தேன். அவள் காது அசைவது நின்றது. வாயில் போட்டேன். குமட்டியது. விழுங்கினேன். நாகன் மாமா உருண்டையை நீட்டினார். வேணி துதிக்கையை என் பக்கமாகக் காற்றில் நீட்டி முகர்ந்தாள். உருண்டையை முகர்ந்தாள். மறுபடியும் என்னை முகர்ந்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். எதுவும் விழவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா கவசத்தை இறக்கித் தன் மாத்திரையை வாயில் போட்டு, ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடிக்கப் போனார். அம்மா ஓடி வந்து கையைத் தட்டிவிட்டுச் சொம்பைக் கொடுத்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஜூலையில் ஜீப் ஏறியதிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"முழுங்கிட்டயா? எங்க, வாயத் தெற" என்று அங்கிருந்தே கத்தினார்.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் திறந்தோம்.